அனுப்புநர் யார்?
வணிக மின்னஞ்சலை விடுக்குமுன் பார்க்கவேண்டியவை

அதிகாலையில் பெரட்டுக் களத்தில் பெயர் அழைக்கப்படும்போது அப்பெயருக்குரியவர் அங்கிருந்து குரல் கொடுக்கவேண்டும். குரல் எழாவிட்டால் அன்றைய வருகைப் பதிவில் அவருக்கு இடமில்லை. பின்னர் பால் கொட்டகையில் வாளிகளை இறக்கி நிறுக்கும்போதும், இது யாருடைய பால், எந்த நிரையில் எடுத்தது என்பது கணக்கில் ஏறிய பிறகே அடுத்தவர் முன்வருகிறார். பெயரில்லாமல் வந்து நிற்கும் வாளியைக் கிராணியார் நிறுப்பதில்லை. இந்த ஒழுங்கு நம் தோட்டத்து மக்களுக்குத் தலைமுறை தலைமுறையாகப் பழகிய ஒன்று. ஆனால், அதே தோட்டத்து வீட்டிலிருந்து கைப்பேசி வழியாக ஒரு வணிக மின்னஞ்சல் புறப்படும்போது மட்டும் இவ்வொழுங்கு மறந்துபோகிறது. பண்டத்தின் பெயர் இருக்கிறது, விலை இருக்கிறது, அழகிய படமும் இருக்கிறது. அனுப்பியவர் யார் என்னும் வினாவுக்கு மட்டும் உறுதியான விடை அம்மடலில் இருப்பதில்லை.

இத்திங்கள் நாம் எடுத்துக்கொண்ட பாடம் இதுவே. மரம் வெட்டும் வேலைக்கு அப்பால் பலகாரம் செய்தும், துணி தைத்தும், பூ கட்டியும், நாற்று வளர்த்தும் சிறிது வருவாய் தேடும் குடும்பங்கள் இன்று பல. அவர்கள் தம் பண்டத்தை வெளியூர்க் கடைகளுக்கு அறிமுகம் செய்ய மின்னஞ்சலை நாடுகின்றனர். அதில் தவறேதும் இல்லை. அஞ்சல்தலைச் செலவுமின்றி நூறு கடைகளின் கதவைத் தட்டும் வாய்ப்பு முன்னோருக்குக் கிட்டாத ஒன்று. ஆயினும் அறிமுகமில்லாதவர் கதவைத் தட்டுகிறவர், தாம் யார் என்பதை முதலில் சொல்லவேண்டும் அன்றோ?

ஓர் எடுத்துக்காட்டை முன்னிறுத்திக்கொள்வோம். இது குறிப்பிட்ட எந்தத் தோட்டத்தின் கதையுமன்று. பாடத்திற்காக நாம் அமைத்துக்கொண்டது. எனினும் இதில் வரும் பிழைகள் யாவும் நாம் பல இடங்களில் நேரில் கண்டவையே.

ஒரு ரப்பர்த் தோட்டத்தில் ஐந்து பெண்கள் சேர்ந்து பிற்பகல் வேளைகளில் முறுக்கும், அச்சு முறுக்கும், நெய் உருண்டையும் செய்கிறார்கள். அவர்களுள் ஒருவர் தம் பெயரில் வணிகப் பதிவு எடுத்திருக்கிறார். தீபாவளிக்கு இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. மாவும் எண்ணெயும் வாங்குவதற்காக ஐவரும் தங்கள் சம்பள மிச்சத்தைப் போட்டுவிட்டார்கள். பதிவு பெற்றவரின் மகள் ஐந்தாம் படிவம் முடித்தவர், கைப்பேசியில் கைதேர்ந்தவர். சென்ற ஆண்டு எழுதிய மடலையே எடுத்து, விலையை மட்டும் மாற்றி, நம் நாட்டில் 40 கடைகளுக்கும் சிங்கப்பூரில் 130 கடைகளுக்கும் ஒரே மூச்சில் அனுப்ப ஆயத்தமாக இருக்கிறார். பொத்தானை அழுத்தவேண்டியதுதான் பாக்கி. அந்தக் கையைச் சற்றே நிறுத்தி, நாமும் அவர் அருகில் அமர்ந்து அம்மடலைப் படித்துப் பார்ப்போம்.

பெயரும் பதிவு எண்ணும்

மடலின் அடியில் வணிகத்தின் பெயர் இருக்கிறது. அதன் பின்னால் ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று சேர்க்கப்பட்டுள்ளது. ஏன் சேர்த்தீர்கள் என்று கேட்டால், “பெரிய கம்பெனி போல இருக்கட்டும் என்றுதான்” என்று மகள் புன்னகை செய்வார். இங்குத்தான் முதல் இடறல்.

தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் தனியொருவரோ பங்காளிகளோ நடத்தும் வணிகம் 1956ஆம் ஆண்டின் வணிகப் பதிவுச் சட்டத்தின்கீழ்ப் பதிவாகிறது. சபா, சரவாக் மாநிலங்களுக்கு வேறு ஏற்பாடு உண்டு. ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்பதோ 2016ஆம் ஆண்டின் நிறுவனச் சட்டத்தின்கீழ் அமைந்த நிறுவனத்திற்கே உரிய அடையாளம். முன்னது வேறு, பின்னது வேறு. இல்லாத பட்டத்தைப் பெயரோடு ஒட்டிக்கொள்வது பெருமைக்காகச் செய்ததாயினும், படிப்பவர் அதனைப் பொய் என்றே கொள்வர்.

பொய் எவ்வாறு வெளிப்படும்? பதிவு எண்ணே காட்டிக்கொடுத்துவிடும். மலேசிய நிறுவனங்கள் ஆணையம், அதாவது நாம் எஸ்.எஸ்.எம். என்று வழங்குவது, 2019 அக்டோபர் 11ஆம் நாள் முதல் 12 இலக்கங்கள் கொண்ட பதிவு எண்ணை நடைமுறைப்படுத்தியது. முதல் நான்கு இலக்கங்கள் பதிவு பெற்ற ஆண்டைக் குறிக்கும். அடுத்த இரண்டு இலக்கங்கள் அமைப்பின் வகையைச் சொல்லும். 01 என்றால் உள்நாட்டு நிறுவனம், 03 என்றால் வணிகம். கடைசி ஆறு இலக்கங்கள் வரிசை எண். ஆகவே ஐந்தாம், ஆறாம் இடங்களில் 03 என்று இருக்கும் எண்ணைக் கீழே எழுதிவிட்டு, மேலே ‘செண்டிரியான் பெர்ஹாட்’ என்று எழுதினால், ஒரே மடலில் எண்ணும் பெயரும் ஒன்றையொன்று மறுத்து நிற்கும். அனுபவமுள்ள கொள்முதல் அதிகாரி இதனை ஒரு நொடியில் கண்டுகொள்வார். அவர் முறுக்கின் சுவையைப் பற்றி மேற்கொண்டு எண்ணிப்பார்க்கமாட்டார்.

எண் சரியாக இருந்தால் மட்டும் போதுமா? பதிவு இன்றும் உயிரோடு இருக்கிறதா என்பதையும் பார்க்கவேண்டும். வணிகப் பதிவை ஓராண்டு முதல் ஐந்தாண்டு வரை எடுக்கலாம். தனிப்பட்ட வணிகப் பெயருக்கு ஆண்டுக்கு 60 ரிங்கிட்டும், சொந்தப் பெயரிலேயே நடத்துவோருக்கு ஆண்டுக்கு 30 ரிங்கிட்டும் கட்டணம். நமது எடுத்துக்காட்டில், சான்றிதழை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்தபோது அது ஜூன் மாதத்திலேயே முடிந்துவிட்டிருந்தது தெரியவருகிறது. சுவரில் மாட்டிவைத்த சான்றிதழை நாம் சாமி படம்போலப் பார்க்கிறோமே தவிர, அதில் அச்சிட்டிருக்கும் நாளைப் படிப்பதில்லை. முதலில் புதுப்பித்தலைச் செய்து முடிக்கவேண்டும். மடல் அதன் பிறகு போகலாம். முகவரி, பங்காளி, தொழில் வகை ஆகியவற்றில் மாற்றம் நேர்ந்தால் 30 நாளுக்குள் ஆணையத்திற்குத் தெரிவிக்கவேண்டும் என்பதையும் இவ்விடத்தில் நினைவிற்கொள்க.

நிறுவனமாகப் பதிவு பெற்றோர், தம் பெயரையும் பதிவு எண்ணையும் வணிகக் கடிதங்களிலும், விலைப்பட்டியல்களிலும், இணையத்தளத்திலும் தெளிவாகக் காட்டவேண்டும் என்பது நிறுவனச் சட்டத்தின் விதி. மின்னஞ்சலும் ஒரு வணிகக் கடிதமே என்று கொண்டு அதே முறையைப் பின்பற்றுவதுதான் அறிவுடைமை. சிறு வணிகரும் இப்பழக்கத்தை மேற்கொண்டால் நட்டமில்லை, நன்மைதான் உண்டு.

கூட்டுறவுச் சங்கத்தின் சார்பில் மடல் விடுப்போருக்கும் ஒரு சொல். கூட்டுறவு இயக்கம் தோட்டப்புறத்திற்குப் புதியதன்று. 1960ஆம் ஆண்டில் துன் வீ.தி. சம்பந்தன் முன்னின்று தொடங்கிய தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தை அறியாத தோட்டம் உண்டோ? சங்கத்தின் பெயரைச் சுருக்கி எழுதுவது பேச்சுக்குச் சரி. வணிக மடலில் ‘கோப்பராசி’ என்று தொடங்கி ‘பெர்ஹாட்’ என்று முடியும் முழுப் பதிவுப் பெயரையே எழுதவேண்டும். மேலும், சங்கத்தின் பெயரால் எழுத யாருக்கு அதிகாரம் அளிக்கப்பட்டிருக்கிறதோ அவரே எழுதவேண்டும். உறுப்பினர் என்ற உரிமை ஒன்றினாலேயே சங்கத்தின் பெயரில் விலை பேசிவிடலாகாது.

திரும்பி வரும் வழி

மடல் போவதற்கு ஒரு வழி வேண்டும். மறுமொழி திரும்பி வருவதற்கும் ஒரு வழி வேண்டும். முதல் வழியை எல்லாரும் கவனிக்கிறார்கள். இரண்டாம் வழியைக் கவனிப்போர் குறைவு.

மகள் எழுதிய மடலில் உள்ள தொலைபேசி எண் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் வேலை தேடி ஜொகூருக்குப் போய் எட்டு மாதமாகிறது, எண்ணையும் மாற்றிவிட்டார். அந்தப் பழைய எண் இப்பொழுது யாரோ முன்பின் அறியாத ஒருவரிடம் இருக்கக்கூடும். கடைக்காரர் அழைத்து, “முறுக்கு எவ்வளவு?” என்று கேட்டால், மறுமுனையில் இருப்பவர் என்ன சொல்வார்? நல்லவராயிருந்தால் தவறான எண் என்பார். மற்றவராயிருந்தால் முன்பணம் கேட்பார்.

அஞ்சல் முகவரியைப் பற்றித் தோட்டத்து மக்கள் தனியே சிந்திக்கவேண்டியிருக்கிறது. லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தெருப்பெயரும் கதவெண்ணும் இல்லை. கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கு வந்து, அங்கிருந்தே வீட்டுக்கு வரும். தோட்டம் கைமாறினாலோ, செம்பனைக்கு மாறினாலோ, வீடமைப்புத் திட்டத்துக்கு விற்கப்பட்டாலோ அந்த அலுவலகமும் மூடப்பட்டுவிடுகிறது. முகவரி மட்டும் பழைய மடல்களில் தொடர்ந்து வாழ்கிறது. ஆகவே மடலில் இடும் முகவரி, வணிகப் பதிவில் உள்ள முகவரியோடு ஒத்திருக்கிறதா, அங்கு இன்றைக்கும் கடிதம் வந்து சேருகிறதா என்று இரண்டையும் பார்க்கவேண்டும்.

மின்னஞ்சலில் இன்னொரு நுட்பமும் உண்டு. அனுப்புநர் பெயராகத் தோன்றுவது ஒன்று. மறுமொழி சென்று சேரும் முகவரி வேறொன்றாக இருக்கலாம். பள்ளி நாளில் விளையாட்டாகத் தொடங்கிய கணக்காயின் அதில் ஒரு திரைப்பட நடிகரின் பெயரோ செல்லப்பெயரோ அனுப்புநர் பெயராக நின்றுகொண்டிருக்கும். கோலாலம்பூர்க் கடைக்காரர் தம் அஞ்சற்பெட்டியைத் திறக்கும்போது, பலகார வணிகத்தின் பெயர் தோன்றவேண்டிய இடத்தில் அந்த நடிகர் தோன்றுவார்! சிரிப்புக்குரியதாயினும் இது அடிக்கடி நேர்வது. மடலைத் திறக்காமலே நீக்கிவிடுவதற்கு இதைவிட வேறு காரணம் வேண்டியதில்லை.

இவற்றைச் சோதிக்கும் முறை மிக எளிது. அம்மடலை முதலில் வீட்டிலுள்ள வேறொருவரின் முகவரிக்கு அனுப்புங்கள். அவர் கைப்பேசியில் அனுப்புநர் பெயர் எவ்வாறு தோன்றுகிறது என்று பாருங்கள். அவரை மறுமொழி எழுதச் சொல்லுங்கள். அது நாள்தோறும் திறந்து பார்க்கப்படும் பெட்டிக்கு வந்து சேருகிறதா என்று காணுங்கள். மடலில் உள்ள தொலைபேசி எண்ணை, நினைவிலிருந்து அல்லாமல், மடலைப் பார்த்தே அழுத்தி அழையுங்கள். ஐந்து நிமிட வேலைதான்.

பணம் செலுத்தவேண்டிய வங்கிக் கணக்கின் பெயரும் இதனோடு சேர்ந்ததே. மடலில் ஒரு பெயர், கணக்கில் வேறொரு பெயர் என்றிருந்தால் வாங்குபவர் தயங்குவார். தயங்குவதும் முறையே. மோசடிக் கணக்கா என்று எண்ணை இட்டுச் சோதிக்க அரச மலேசியக் காவல் படை ‘செமாக் மியூல்’ என்னும் தளத்தை மக்களுக்குத் திறந்துவைத்திருக்கிறது. கணக்கு உரிமையாளர் பெயர் வணிகப் பெயரினின்று வேறுபட்டால், அவர் யார் என்பதை மடலிலேயே ஒரு வரியில் சொல்லிவிடுதல் நலம்.

இன்னொன்று. மகள் தம் மடலின் அடியில் அழகுக்காக ஹலால் சின்னத்தை இணையத்திலிருந்து எடுத்து ஒட்டியிருக்கிறார். “நாங்கள் செய்வது சைவப் பண்டம்தானே, இறைச்சி ஏதுமில்லையே” என்பது அவர் வாதம். பண்டம் சைவமாக இருக்கலாம். ஆனால் அச்சின்னத்தை இட, ஜாக்கிம் எனப்படும் இஸ்லாமிய மேம்பாட்டு இலாகாவோ, மாநில இஸ்லாமியச் சமய மன்றமோ சான்று வழங்கியிருக்கவேண்டும். சான்றின்றி இடுவது வணிக விவரிப்புச் சட்டம் 2011இன்கீழ் குற்றம். சின்னத்தை எடுத்துவிட்டு, ‘தாவரப் பொருள்களால் செய்தது’ என்பது உண்மையானால் அதனை எழுத்தில் எழுதுவதே போதும்.

பிறருடைய முகவரி நம் கையில்

இனி, மிகவும் கவனிக்கவேண்டிய இடத்துக்கு வருகிறோம். மகள் 170 முகவரிகளையும் ‘பெறுநர்’ என்னும் கட்டத்திலேயே வரிசையாக ஒட்டியிருக்கிறார். இவ்வாறு அனுப்பினால் மடலைப் பெறும் ஒவ்வொருவரும் மற்ற 169 பேரின் முகவரியையும் காண்பர்.

இதனால் என்ன விளையும் என்பதை நாம் ஒருமுறை கண்கூடாகக் கண்டோம். பல ஆண்டுகளுக்கு முன், தோட்டத்துப் பிள்ளைகளுக்குக் கல்வி உதவி பெற்றுத் தரும் ஓர் அமைப்பு, விண்ணப்பம் செய்த பெற்றோர் அனைவருக்கும் ஒரே மடலை இம்முறையில் அனுப்பியது. அம்மடலின் வாசகத்தைப் பார்த்துக் கொடுத்தவருள் நாமும் ஒருவர். வாசகத்தில் ஒற்றுப்பிழை இருக்கிறதா என்று இருமுறை படித்தோம். முகவரிகள் எந்தக் கட்டத்தில் நிற்கின்றன என்று ஒருமுறையும் பார்க்கவில்லை. இரண்டு வாரத்திற்குள் அப்பெற்றோர் பலருக்கு, உடனடிக் கடன் தருவதாக வட்டிக்கு விடுவோரின் மடல்கள் வரத் தொடங்கின. உதவி கேட்டு விண்ணப்பித்தவர்களின் பட்டியல் ஆயிற்றே! பணமுடை உள்ள குடும்பங்கள் எவை என்பதை நாமே எழுதிக் கொடுத்ததுபோல் ஆகிவிட்டது. ஒரு தாய் எங்களிடம் வந்து, “ஐயா, நான் கேட்டது பிள்ளைக்குப் பாடநூல் பணம், அது லயம் முழுக்கத் தெரியவேண்டுமா?” என்று கேட்டார். அவருக்கு என்ன விடை சொல்வது என்று அன்றும் தெரியவில்லை.

மின்னஞ்சலில் ‘மறைநகல்’ என்று ஒரு கட்டம் உண்டு. அதில் இடும் முகவரிகள் ஒருவருக்கொருவர் தெரியா. பலருக்கு ஒரே மடலை அனுப்பும்போது ‘பெறுநர்’ கட்டத்தில் நம்முடைய முகவரியையே இட்டு, மற்றவற்றை மறைநகலில் இடவேண்டும். அனுப்பிவிட்ட பிறகு இதனைத் திருத்த வழியில்லை.

ஒருவரை அடையாளம் காட்டும் முகவரி, எண், பெயர் ஆகியவை தனிநபர் தகவல்கள் ஆகும். வணிக நடவடிக்கைகளில் அவற்றைக் கையாள்வோரை 2010ஆம் ஆண்டின் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அது 2013 நவம்பர் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. வங்கி, காப்புறுதி, மருத்துவம் போன்ற குறிப்பிட்ட துறையினர் மட்டுமே ஆணையரிடம் தம்மைப் பதிவு செய்துகொள்ளவேண்டும். முறுக்கு விற்பவர் பதிவு செய்யவேண்டியதில்லை. ஆனால் சட்டத்தின் நெறிகள் அவருக்கும் பொருந்தும். 2024இல் செய்யப்பட்ட திருத்தம் 2025 ஏப்ரல் 1 முதல் அந்நெறிகளை மீறுவதற்கான உச்சத் தண்டத்தை 300,000 ரிங்கிட்டிலிருந்து 10 லட்சம் ரிங்கிட்டாகவும், சிறைத்தண்டனையை இரண்டு ஆண்டிலிருந்து மூன்று ஆண்டாகவும் உயர்த்தியது. இவை உச்ச வரம்புகளே; சிறு பிழைக்கெல்லாம் இவ்வளவு விதிக்கப்படும் என்று அஞ்சவேண்டியதில்லை. ஆயினும் நாடு இதனைச் சிறு காரியமாகக் கருதவில்லை என்பது விளங்கும்.

கூட்டரசு, மாநில அரசாங்கங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. அரசாங்க அலுவலர்களாகிய நாம் இதனை ஒளிக்காமல் சொல்லவேண்டும். சட்டம் நம்மைக் கட்டாவிட்டாலும், மேலே சொன்ன தாயின் கேள்வி நம்மைக் கட்டுகிறது.

இச்சட்டம் வாடிக்கையாளர் தகவலைச் சேகரிப்போர் எழுத்து வடிவில் ஓர் அறிவிப்புத் தரவேண்டும் என்கிறது: எந்தத் தகவலை எதற்காக வைத்திருக்கிறோம், யாரிடம் கேட்டால் திருத்தலாம் என்பன அதில் இருக்கவேண்டும். அவ்வறிவிப்பு தேசிய மொழியிலும் ஆங்கிலத்திலும் அமையவேண்டும். தமிழில் மட்டும் எழுதினால் நிறைவாகாது. தமிழையும் மூன்றாவதாகச் சேர்ப்பதற்குத் தடையில்லை.

சிங்கப்பூருக்குச் செல்லும் மடல்

பாலத்திற்கு அப்பால் உள்ளவருக்கு எழுதும்போது அந்நாட்டுச் சட்டத்தையும் எண்ணவேண்டும். சிங்கப்பூரின் வேண்டா மடல் கட்டுப்பாட்டுச் சட்டம் 2007 ஜூன் 15ஆம் நாள் நடப்புக்கு வந்தது. மடல் எங்கிருந்து புறப்பட்டாலும், பெறுபவர் சிங்கப்பூரில் இருந்தால் அது பொருந்தும். கேளாமலே அனுப்பப்படும் வணிக மடல்கள் மொத்தமாக அனுப்பப்படும்போதுதான் இச்சட்டம் குறுக்கிடுகிறது. மொத்தம் என்பது எவ்வளவு? ஒரே பொருளைப் பற்றி 24 மணி நேரத்தில் 100க்கு மேல், அல்லது 30 நாளில் 1,000க்கு மேல், அல்லது ஓராண்டில் 10,000க்கு மேல்.

நம் மகள் ஒரே மூச்சில் அனுப்பக் கருதியது 130 மடல்கள். ஆகவே வரம்பைத் தாண்டுகிறது. அவ்வாறாயின் மடல் எப்படி இருக்கவேண்டும்? பொருள் வரியின் தொடக்கத்தில் விளம்பரம் என்பதைக் குறிக்கும் ஏ, டி, வி என்னும் மூன்று ஆங்கிலப் பெரிய எழுத்துகளைக் கூர்முனை அடைப்புக்குறிக்குள் இட்டு, ஓர் இடைவெளி விட்டு, அதன் பின்னரே தலைப்பை எழுதவேண்டும். தலைப்பு உள்ளடக்கத்தைப் பற்றிப் பொய் சொல்லக்கூடாது. அனுப்புநர் விவரம் பொய்யாக இருக்கக்கூடாது. உண்மையாகவே தொடர்புகொள்ளக்கூடிய மின்னஞ்சல் முகவரியோ தொலைபேசி எண்ணோ இருக்கவேண்டும். இனி அனுப்பவேண்டாம் என்று சொல்வதற்கான வழி, ஆங்கிலத்தில் தெளிவாகக் குறிப்பிடப்பட்டிருக்கவேண்டும். அவ்வழி மடல் சென்ற பின் குறைந்தது 30 நாள் திறந்திருக்கவேண்டும். வேண்டாம் என்றவருக்குப் பத்து வேலை நாள் கழிந்தபின் மடல் செல்லக்கூடாது. மீறினால், பாதிக்கப்பட்டவர் வழக்குத் தொடரலாம். மடல் ஒன்றுக்கு 25 சிங்கப்பூர் வெள்ளி வரை நீதிமன்றம் இழப்பீடு விதிக்கலாம்.

மகளின் மடலில் ‘தங்கள் ஆர்டர் குறித்து’ என்பது பொருள் வரி. கடைக்காரர் எந்த ஆர்டரும் கொடுத்ததில்லை. மடலைத் திறக்கவைப்பதற்காகச் செய்த உபாயம் அது. பிற எல்லாக் குறைகளையும் கவனக்குறைவு என்று மன்னிக்கலாம். இதனை அவ்வாறு சொல்வதற்கில்லை. நம் கருத்தில், இம்மடலிலேயே பெரிய குற்றம் இதுதான்.

ஒரு நாளைக்கு 65 என்று இரண்டு நாளாகப் பிரித்து அனுப்பினால் வரம்புக்குள் வந்துவிடாதா என்று வாசகர் கேட்கலாம். நூறு என்னும் வரம்பைப் பொறுத்தவரை வந்துவிடும். ஆனால் தீபாவளி நெருங்க நெருங்க நினைவூட்டல் அனுப்பும் ஆசை வரும். 130 கடைகளுக்கு முப்பது நாளில் எட்டுத் தடவை அனுப்பினால் 1,040 ஆகிவிடுகிறது. எண்ணிக்கையைக் கணக்கிட்டு ஓரமாக ஒதுங்குவதைவிட, அடையாள எழுத்துகளையும் விலகும் வழியையும் முதல் மடலிலேயே இட்டுவிடுவது எளிது.

நம் நாட்டிலும், நேரடி விற்பனை விளம்பரத்திற்காகத் தம் தகவலைப் பயன்படுத்துவதை நிறுத்துமாறு எழுத்து மூலம் கேட்கும் உரிமையைத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் மக்களுக்கு வழங்குகிறது. ஆகவே ‘வேண்டாம்’ என்போருக்கென ஒரு குறிப்பேடு தேவை. மற்றவற்றைக் கைப்பேசியில் வைத்தாலும், இதற்கு ஒரு சாதாரணப் பள்ளிக் குறிப்பேடே சிறந்தது என்பது நம் அனுபவம். கைப்பேசி கெட்டுப்போனால் பட்டியலும் போய்விடும்; மறுபடி அனுப்பினால் மானமும் போய்விடும்.

சொந்தப் பெயரில் இணைய முகவரி வைத்திருப்போருக்குச் சிறு குறிப்பு. மின்னஞ்சல் செல்லும் நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது, அனுப்புநராகப் போடும் பெயர் மெய்தானா என்று சோதிக்கும் ஏற்பாடு அதில் இல்லை. யாரும் யார் பெயரையும் போடலாம் என்ற நிலை. பின்னர்தான் எஸ்.பி.எஃப்., டி.கே.ஐ.எம். முதலிய சரிபார்ப்பு முறைகள் தோன்றின. 2024 பிப்ரவரி முதல் கூகள், யாகூ ஆகியவை, இச்சரிபார்ப்பு இல்லாத மடல்களைத் தடுக்கவும் வேண்டா மடல் பெட்டியில் தள்ளவும் முற்பட்டன. இலவச மின்னஞ்சல் கணக்கிலிருந்து நேரடியாக அனுப்புவோருக்கு இதனை அக்கணக்கை நடத்தும் நிறுவனமே செய்துவிடும். சொந்த இணைய முகவரி வைத்திருப்போர், அதனை அமைத்துக் கொடுத்தவரிடம் இவ்விரண்டு பெயர்களையும் சொல்லி, ‘செய்திருக்கிறீர்களா?’ என்று கேட்டறிக.

நமது எடுத்துக்காட்டுக்குத் திரும்புவோம். பதிவு புதுப்பிக்கப்பட்டது. பெயரின் வாலில் இருந்த பட்டமும், ஹலால் சின்னமும், அண்ணனின் எண்ணும் நீக்கப்பட்டன. தாயார் கண்ணாடி அணிந்து சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு இலக்கம் இலக்கமாகப் படிக்க, மகள் மடலில் உள்ள எண்ணோடு ஒத்துப் பார்த்தார். பொருள் வரி ‘தீபாவளிப் பலகாரம்: விலைப்பட்டியல்’ என்று மாறியது, சிங்கப்பூர் மடலில் அதன் முன்னே விளம்பர அடையாளமும் ஏறியது. அடியில் இவ்வாறு எழுதப்பட்டது: வணிகத்தின் பதிவுப் பெயர், 12 இலக்கப் பதிவு எண், அஞ்சல் வந்து சேரும் முகவரி, தாயாரின் தொலைபேசி எண், பிற்பகல் மூன்று மணிக்குமேல் அழைக்கவும், தங்கள் முகவரி எங்கிருந்து பெறப்பட்டது என்பது, இனி மடல் வேண்டாமெனில் ‘வேண்டாம்’ என்று ஒரு சொல் மறுமொழி அனுப்பினால் போதும் என்பது, மூன்று மொழிகளில்.

முகவரி எங்கிருந்து பெறப்பட்டது என்று எழுதத் தொடங்கியபோதுதான், பட்டியலில் இருந்த 22 முகவரிகள் எப்படி வந்தன என்பது மகளுக்கே நினைவில்லை என்று தெரிந்தது. அந்த 22ஐயும் அடித்துவிட்டார்கள். எஞ்சிய 148 கடைகளுக்கு மடல் மறைநகலில் புறப்பட்டது. மறுநாள் வந்த முதல் மறுமொழி ‘வேண்டாம்’ என்பதுதான். தாயார் குறிப்பேட்டைத் திறந்து, முதல் பக்கத்தில் நாளையும் அக்கடையின் பெயரையும் எழுதிவிட்டு, மாவு சலிக்கப் போனார்.